எண்டெவருக்கு அடுத்து எது? கேரவன் இழுக்க 4x4 வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

சென்னையிலிருந்து காரில் திருவதிகைக்கு வருபவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு ஊர்களைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒன்று மறைமலைநகர். ஃபோர்டு எண்டெவர் உருவான தொழிற்சாலை இருக்கும் ஊர். இன்னொன்று அச்சிறுபாக்கம். திரிபுரத்தை எரிக்கத் தேரேறிப் புறப்பட்ட சிவன், பிள்ளையாரை வணங்க மறந்ததால் அங்கே தேரின் அச்சு முறிந்தது என்கிறது தலபுராணம். அச்சு இற்றதால் அச்சிறுபாக்கம். தேர் போய்ச் சேரவேண்டிய இடம், திரிபுரம் எரிந்த தலம் என்று சொல்லப்படும் நம்ம திருவதிகை.

பெரிய வண்டி, பெரிய பாரம், முறிந்த அச்சு. கேரவன் இழுக்க வண்டி தேடுபவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் பொருந்தும். ஏனென்றால் இதில் சிக்கல் வருவது பெரும்பாலும் இன்ஜினில் இல்லை, அச்சிலும் பிரேக்கிலும்தான்.

முதலில் ஒரு விளக்கம். கேரவன் என்றதும் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஏசி வேன்தான் நமக்கு ஞாபகம் வரும். அது தானே ஓடும் வண்டி. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோதும் அதிகம் பேசப்பட்டது அந்த வகைதான். இங்கே பார்க்கப்போவது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் கேரவன். அதற்கு இன்ஜின் கிடையாது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஒரு டிரெய்லர்.

திருவதிகையில் ஒரு குடும்பத்திடம் இப்படி ஒரு சின்ன கேரவனும், அதை இழுக்க ஒரு பழைய எண்டெவரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. ஆனாலும் வண்டிக்கு வயதாகிறது. ஒரு நாள் மாற்றித்தான் ஆகவேண்டும். ஷோரூமுக்குப் போய் "இந்த வண்டி கேரவன் இழுக்குமா?" என்று கேட்டால், "தாராளமா இழுக்கும் சார்" என்றுதான் பதில் வரும். இழுக்கும்தான். நிறுத்துமா என்பதுதான் கேள்வி.

வண்டியிலிருந்து அல்ல, கேரவனிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, பிறகு அது எவ்வளவு இழுக்கும் என்று தேடுகிறார்கள். கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டும். கேரவன் எவ்வளவு கனம்? அதுவும் காலியாக அல்ல; பயணத்துக்குக் கிளம்பும் நாளில்.

காலியாக 1,100 கிலோ உள்ள ஒரு கேரவனை எடுத்துக்கொள்வோம். தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 100 கிலோ கூடிவிட்டது. நிறைந்த வீட்டு காஸ் சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. பேட்டரி, மெத்தை, பாத்திரம், மடக்கு நாற்காலி, வெளியே கட்டும் பந்தல் துணி, பிள்ளைகளின் சைக்கிள், ஊருக்குக் கொண்டுபோகும் பலாப்பழம். பண்ருட்டிக்காரர் பலாப்பழம் இல்லாமல் உறவினர் வீட்டுக்குப் போவாரா என்ன? ஒரே பழம் 10, 15 கிலோ சாதாரணமாக வரும். ஆக 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 1,400-தான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெளிநாட்டு கேரவன்காரர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. பழக்கமில்லாதவர்கள் இழுக்கும் கேரவன், இழுக்கும் வண்டியின் சொந்த எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். அது சட்டமல்ல, அனுபவ அறிவுரை. அதன்படி 1,400 கிலோ கேரவனுக்கு ஏறக்குறைய 1,650 கிலோவாவது உள்ள வண்டி தேவை. வண்டி கனமாக இருந்தால் பின்னாலிருந்து வரும் தள்ளலை அது தாங்கும். இலேசாக இருந்தால் கேரவன் வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடும்.

மாட்டு வண்டி தெரிந்தவருக்கு இது தெரியும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் புதிதல்ல. மூட்டைகளைப் பின்னால் குவித்தால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்னால் குவித்தால் மாடு பாரம் தாங்காமல் திணறும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி நேராகப் போகும்.

கேரவனிலும் அதே கதைதான். மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1,400 கிலோவுக்கு 140 கிலோ. இது குறைந்து பின்பாரம் கூடினால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கேரவன் வால் ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். முதல் ஆட்டம் சின்னதாக இருக்கும். அடுத்தது பெரிதாகும். மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதை இன்னும் கவனிக்கவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீசும் பக்கக் காற்று, எதிரே வேகமாகக் கடக்கும் ஆம்னி பஸ் தள்ளும் காற்று, இரண்டும் கேரவனின் அகலமான பக்கச் சுவரில் மோதும். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க அது போதும். ஆட ஆரம்பித்துவிட்டால் பயந்துபோய் பிரேக்கை மிதிப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடவேண்டும்.

சரி, அந்த 140 கிலோ எங்கே போகிறது? வண்டியின் கணக்கில்தான். ஒரு வண்டி தாங்கக்கூடிய மொத்தச் சுமை 600 கிலோ என்று வைத்தால், ஐந்து பேருக்கு 350 கிலோ, டிக்கியில் 80 கிலோ, கொக்கியில் 140 கிலோ. மொத்தம் 570. மீதி 30 கிலோதான். மேலே கேரியரில் ஒரு கூடாரம் வைத்தால் அதுவும் போச்சு.

இன்னொரு நுணுக்கம். கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அதனால் அது நெம்புகோல்போல் வேலை செய்யும். கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியும், இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டரும் இருந்தால், 140 கிலோ முன்பாரம் பின் அச்சில் 200 கிலோவாக உட்காரும். முன் அச்சிலிருந்து 60 கிலோ எடை விலகும். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் பிடிப்பு குறையும், முன் பிரேக்கும் பலமிழக்கும். அச்சுகளுக்கு இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும். கேரவன் இழுப்பவர்கள் நீளமான வண்டியைத் தேடுவது இதனால்தான்.

இழுப்பது சுலபம், நிறுத்துவது கஷ்டம்

அரவை காலத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டுநர்கள் சரிவில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் போடமாட்டார்கள். பின்னால் உள்ள பாரம் தள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். ரிவர்ஸ் எடுப்பதிலும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்: ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். திருவதிகைத் தெருக்களில் கேரவனைத் திருப்ப நேர்ந்தால் இது புரியும்.

மணிக்கு 60 கி.மீ.-லிருந்து 80-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிறது. வண்டி 2,200, கேரவன் 1,400 என்றால் 3,600 கிலோவை, 2,200 கிலோவுக்காகச் செய்த பிரேக் நிறுத்தவேண்டும். அதனால் இந்த எடையில் கேரவனுக்குச் சொந்த பிரேக் கட்டாயம் தேவை. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கான உச்ச எடை 750 கிலோ. இந்திய வகைப்பாட்டிலும் 750 கிலோ வரை டி1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2 என்றுதான் பிரித்திருக்கிறார்கள்.

கேரவன் பிரேக் இரண்டு வகை. ஒன்று, முன் வண்டி வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னோக்கித் தள்ளுமே, அந்தத் தள்ளலையே பயன்படுத்திப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக். மற்றது மின் பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் பொருத்தவேண்டும். மலை ஏறுபவர்களுக்கு இரண்டாவது நல்லது, கேரவன் ஆடும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கலாம் என்பதால்.

மலை என்றால் திருவதிகையிலிருந்து பக்கத்தில் ஏற்காடு. மடப்பட்டு, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சேலம் வரை பிரச்சினை இல்லை. பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை என்றால் 70; கேரவனோடு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மரியாதை. 7 சதவீத ஏற்றத்தில் 3,600 கிலோவைப் புவியீர்ப்பு மட்டுமே 250 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். இறங்கும்போது அதே 250 கிலோ முன்னால் தள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறி, பிடிப்பு போய்விடும். ஏறிய கியரிலேயே, தேவைப்பட்டால் அதற்கும் கீழ் கியரில் இறங்கவேண்டும்.

யூடியூப் எண் இங்கே செல்லாது

இணையத்தில் தேடினால் ஆஸ்திரேலியக் கணக்குகள் வந்து கொட்டும். அங்கே டொயோட்டா ஹைலக்ஸ் 4x4-க்கு 3,500 கிலோ, ஃபார்ச்சூனருக்கு 3,100, மஹிந்திரா ஸ்கார்பியோவுக்கு 2,500, இந்தியாவில் தயாராகிப் போகும் ஐந்து கதவு ஜிம்னிக்கு 1,300. எல்லாம் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாவிட்டால் அதே ஜிம்னிக்கு வெறும் 350 கிலோதான்.

இந்த எண்களை வைத்து இங்கே வண்டி வாங்குவதுதான் பெரிய தப்பு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் குளிர்விப்பு, ஸ்பிரிங், கொக்கி பொருத்தும் இடம் வேறாக இருக்கலாம். அந்த எண், அந்த நாட்டில் அனுமதித்த கொக்கியோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. இந்தியாவில் விற்கும் பெரும்பாலான கார்களுக்கு நிறுவனங்கள் இழுவை எடையை விளம்பரப்படுத்துவதே இல்லை. உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் டிரெய்லர் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எண் இருந்தால் அதுதான் உச்சம். "டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை" என்று இருந்தால் அதோடு முடிந்தது. சேல்ஸ்மேன் வாயால் சொல்வதை மெயிலில் எழுதித் தரச்சொல்லுங்கள். பல "தாராளமா இழுக்கும்" அங்கேயே நின்றுவிடும்.

சரி, எந்த வண்டி?

எண்டெவரை வைத்தே அளந்து பார்க்கலாம். 3.2 லிட்டர் டீசல் 470 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. வீல்பேஸ் 2,850 மி.மீ. லாரிபோல் தனிச் சட்டகத்தின் மேல் கட்டிய உடல். சொந்த எடை இரண்டு டன்னுக்கு மேல். இதற்கு ஈடாக வருவது எது?

மூன்று கதவு தார் பார்க்க அழகு, மணலில் கெட்டி. ஆனால் வீல்பேஸ் 2,450 மி.மீ.தான். 1,400 கிலோ கேரவனுக்கு அது சரிப்படாது. ஜிம்னியின் 134 நியூட்டன் மீட்டர் பெட்ரோல் இன்ஜினும், 1,200 கிலோவை ஒட்டிய எடையும் இதற்கானவை அல்ல; ஒரு சின்ன சாமான் டிரெய்லர் என்றால் யோசிக்கலாம்.

தார் ராக்ஸ் டீசல் 4x4 வேறு விஷயம். வீல்பேஸ் 2,850, எண்டெவர் அளவேதான். ஆட்டோமேட்டிக்கில் 370 நியூட்டன் மீட்டர். ஸ்கார்பியோ-என் 4x4 டீசலில் வீல்பேஸ் 2,750. ஆட்டோமேட்டிக்கில் 400 நியூட்டன் மீட்டர். பட்ஜெட் இடிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் சுற்றும். ஐந்து கதவு ஃபோர்ஸ் கூர்காவின் வீல்பேஸ் 2,825. கனமான உடம்பு, 320 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர் மட்டும். காட்டுப் பாதைக்கு அது ராஜா. நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு போவது அலுப்பு.

ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் ஒரே 2.8 லிட்டர் டீசல். ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். எண்டெவருக்கு நேர் வாரிசு என்றால் இவைதான். ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085. கேரவன் இழுக்க மிக நிதானமான நீளம். ஆனால் அது பிக்கப். பின்னால் பட்டை ஸ்பிரிங். காலியாகப் போகும்போது பின் சீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்து வந்தால் குதிக்கும். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸும் இதே ரகம்: வீல்பேஸ் 3,095, டார்க் 360. ஒரு கூடுதல் வசதி, நனைந்த துணி, சேறு படிந்த சாமான், சிலிண்டர் எல்லாம் பின் தொட்டியில் போட்டுவிடலாம்.

1,400 கிலோ கேரவனை வருஷத்தில் பத்து தடவை இழுப்பவர்களுக்கு ஹைலக்ஸ் அல்லது ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக் 4x4 பொருத்தம், மேனுவலும் எழுத்து மூலமான பதிலும் அனுமதித்தால். வருஷத்தில் இரண்டு தடவை மட்டுமே போகிறீர்கள் என்றால் வண்டியைப் பெரிதாக்குவதைவிட கேரவனைச் சிறிதாக்குவது புத்திசாலித்தனம். 750 கிலோவுக்குள் இருவர் படுக்கும் சிறு கேரவன் என்றால் ராக்ஸோ ஸ்கார்பியோவோ எளிதாகச் சமாளிக்கும். இதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

4x4 எங்கே உதவும், எங்கே உதவாது

பண்ருட்டி முந்திரித் தோப்பின் செம்மண்ணில் மழைக்குப் பிறகு கேரவனோடு நுழைந்தால் 4x4-இன் அருமை தெரியும். லோ ரேஞ்ச் கியரில் மெதுவாக, கிளட்சைச் சுடாமல் வெளியே எடுக்கலாம். மணலில் டயர் காற்றைக் குறைக்கும்போது கேரவன் டயரிலும் குறைக்க மறக்கவேண்டாம். பின்னால் புதைந்த சக்கரம்தான் நங்கூரம்.

ஆனால் பகுதிநேர 4x4 உள்ள வண்டியில், அதாவது மேலே சொன்ன பெரும்பாலானவற்றில், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக்கூடாது. திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் உருள்வதால் கியர்ப் பகுதி முறுக்கிக்கொள்ளும். எண்டெவரின் 4x4 முழுநேர வகை என்பதால் பழைய ஓட்டுநருக்கு இந்தப் பழக்கம் இருக்காது. மாறும்போது கவனிக்கவேண்டிய முக்கிய வித்தியாசம் இது.

வெள்ளத்தில் இறங்கும் ஆழத்தையும் பெருமையாகச் சொல்வார்கள். எண்டெவர் 800 மி.மீ., கூர்கா 700, தார் 650. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் இந்தப் பகுதியை என்ன செய்தன என்று பார்த்தவர்களுக்கு இந்த எண்களில் மயக்கம் வரலாம். ஆனால் கேரவனின் தரை எவ்வளவு உயரம்? அது மிதந்து பக்கவாட்டில் நகர ஆரம்பித்தால் முன் வண்டியின் எண் எதற்கும் ஆகாது.

பேப்பர் வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் வரையறையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். ஆகவே கேரவனுக்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் தேவை. பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த கேரவனைப் பதிவு செய்ய முடியும் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வகை ஒப்புதல் சான்று உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கொக்கி விஷயத்திலும் அவசரம் கூடாது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கொக்கியா, சட்டகத்தில் போல்ட் போட்டதா, அது தாங்கும் எடை அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பம்பரோடு மட்டும் பிணைத்த கொக்கியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேரவன் இழுப்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு "சொல்லவே இல்லையே" என்ற ஒரு வார்த்தை பல லட்சம் பெறும்.

முன்பணம் கட்டும் முன் ஒரு நடை

பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் லோடு ஏற்றும் லாரிகள் எடை போடும் எடை மேடைக்கு, கேரவனைப் பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே கொண்டுபோங்கள். தண்ணீர் நிரப்பி, சிலிண்டர் வைத்து, மெத்தை, பாத்திரம் எல்லாம் ஏற்றி, பழைய வண்டியே இழுத்துவரட்டும். மூன்று எடை போடவேண்டும். வண்டி, கேரவன் இரண்டும் சேர்ந்து ஒன்று. கேரவனைக் கழற்றி முன்கால் ஊன்றி, அது மட்டும் மேடையில் நிற்க ஒன்று. மறுபடி கொக்கியில் மாட்டி, கேரவன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்க ஒன்று. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வருவதுதான் முன்பாரம். லாரி மேடை பத்து இருபது கிலோ முன்னே பின்னே காட்டும்; 10 சதவீதத்துக்குக் கிட்டே இருக்கிறதா என்று பார்க்க அது போதும். குறைவாக வந்தால் தண்ணீர்க் கேனையும் பெட்டியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்தி, மறுபடி ஒருமுறை மேடையில் ஏற்றுங்கள். அந்தச் சீட்டுகளைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.